டயர் என்னும் சாட்சி: பழைய கார்களின் முன்சக்கரத் தேய்வும் சஸ்பென்ஷன் நோய்நாடலும்

1. கேள்வியும் எல்லையும்

முன்டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் நம் ஊரில் நடப்பது அநேகமாக ஒன்றுதான். "அலைன்மென்ட் போயிருச்சு சார்" என்பார் டயர் கடைக்காரர். வண்டி மேடையேறும். திரையில் சிவப்பாக இருந்த எண்கள் பச்சையாகும். அச்சிட்ட காகிதம் ஒன்று கைக்கு வரும். புது வண்டிக்குப் பெரும்பாலும் இது போதும். இருபது, முப்பது வயதான வண்டிக்குப் போதாது. ஆறு மாதம் கழித்து அதே டயரின் அதே ஓரத்தில் அதே தேய்வு வந்து நிற்கும். மறுபடியும் மேடை, மறுபடியும் பச்சை எண்கள்.

அலைன்மென்ட் எந்திரம் அளப்பது நிற்கும் வண்டியை. டயர் தேய்வதோ ஓடும் வண்டியில். பிரேக் பிடிக்கும்போது, வளைவில் சாயும்போது, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சக்கரம் எங்கே போகிறது என்பது காகிதத்தில் வராது. மூட்டுகள் இறுக்கமாக இருக்கும் வண்டியில் இந்த இரண்டு நிலைகளுக்கும் வேறுபாடு சிறிது. மூட்டுகள் தளர்ந்த வண்டியில் அந்த வேறுபாடே நோய். பட்டறையில் அதை 'ஆட்டம்' என்றும் 'ப்ளே' என்றும் சொல்வார்கள். ஆட்டத்தை அளந்து நீக்காமல் கோணத்தைத் திருத்துவது வீண் வேலை என்பது இக்கட்டுரையின் வாதம். எளிய வாதம்தான். ஆனால் நடைமுறையில் வரிசை தலைகீழாக இருப்பதால் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எடுத்துக்கொண்ட வண்டிகள் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, பழைய மஹிந்திரா ஜீப், மாருதி 800. லாரி, பேருந்துகளின் முன் ஆக்சில் தனிக் கல்வி. அது இங்கே இல்லை.

2. சாட்சியை வாசித்தல்

2.1 வாசிக்கும் முன் கேட்க வேண்டியவை

டயர் ஒரு பதிவேடு. ஆனால் அது நேற்றைய பதிவேடு. இன்று காலை சரிசெய்த பழுதின் தடயமும் நேற்று மாலை உண்டான பழுதின் தடயமும் அதில் ஒன்றாகக் கிடக்கும். ஆகவே முதல் கேள்வி, "இந்த டயர் இந்த இடத்துக்கு வந்து எத்தனை நாள்?" என்பது. பின்னால் இருந்ததை முன்னால் மாற்றியிருந்தால் அதன் தேய்வு பின் ஆக்சிலின் வரலாறு. பழைய கார் வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விற்பவர் நல்ல டயர்களை முன்னால் கொண்டுவந்து மாட்டிவிடுவார், சாட்சி கலைந்துவிடும். அப்போது ஸ்டெப்னியைப் பார்க்க வேண்டும். மறந்து விட்டுவைத்த உண்மை பல வேளைகளில் அங்கே இருக்கும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அதிகம் ஓடாத பழைய கார்களில் டயர் தேயும் முன் மூப்படைந்து வெடிப்பு விட்டுவிடும். அப்படிப்பட்ட டயரின் தேய்வை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. கெட்டியான ரப்பர் தேயாமலே வழுக்கும்.

2.2 தேய்வின் வடிவங்கள்

நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நின்றால் காற்று குறைவு. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. சஸ்பென்ஷனோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. ஆனால் முதலில் இவற்றை விலக்காமல் மேலே போகக் கூடாது. பஞ்சர் கடையின் காற்றளவி சரியானது என்று நம்பி மோசம் போனவர்களில் நானும் ஒருவன்.

ஒரு ஓரம் மட்டும் மழமழவென்று, விளிம்புகள் உருண்டு தேய்ந்திருந்தால் முதல் ஐயம் கேம்பர் மீது விழ வேண்டும். சக்கரம் மேலே உள்நோக்கிச் சாய்ந்தால் உள் ஓரமும், வெளிநோக்கிச் சாய்ந்தால் வெளி ஓரமும் கூடுதல் பாரத்தைச் சுமக்கும். கண்ணால் பார்த்தால் இதற்கும் டோ பிழைக்கும், அதாவது முன்சக்கரங்களின் முன்பக்கம் தேவைக்கு மேல் உள்நோக்கியோ (டோ-இன்) வெளிநோக்கியோ (டோ-அவுட்) திரும்பியிருப்பதற்கும், வேற்றுமை தெரியாது. கையால் தடவினால் தெரியும்.

டோ பிழை டயரைப் பக்கவாட்டில் உரசுகிறது. உரசிய ரப்பர் ஒவ்வொரு வரிப்பட்டையிலும் ஒரு விளிம்பை உருட்டி, மறு விளிம்பைக் கூராக்கிவிடும், ரம்பப் பல் போல. உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே ஓட்டினால் வழவழப்பு, உள்ளிருந்து வெளியே இழுத்தால் கையைப் பிடிக்கிறது என்றால், கூர் உள்நோக்கி நிற்கிறது, டோ-இன் அதிகம். நேர்மாறாக இருந்தால் டோ-அவுட். கேம்பர் தேய்வில் இந்த ரம்பம் இருக்காது. எந்திரம் எதுவுமின்றி, விளக்கில்லாத இடத்தில்கூடச் செய்யக்கூடிய சோதனை இது. என் மதிப்பீட்டில் இந்தத் துறையின் மிகச் சிறந்த கருவி உள்ளங்கைதான்.

மூன்றாவது வடிவம் குழிக் குழியாகத் தேய்தல். சுற்றளவு நெடுக மேடும் பள்ளமுமாக, கிண்ணம் கிண்ணமாக வரும். சக்கரம் ஒரே சீராகச் சாலையை அழுத்தாமல் துள்ளித் துள்ளி இறங்கியிருக்கிறது என்று பொருள். செத்த ஷாக் அப்சார்பர், சமனில்லாத சக்கரம், தளர்ந்த ஹப் பேரிங் ஆகிய மூன்றில் ஒன்று, அல்லது மூன்றும். இந்த டயர் ஓடும்போது ஹூங்காரமிடும். அந்தச் சத்தத்தைப் பேரிங் சத்தமென்று நினைத்துப் புது பேரிங் மாட்டிவிட்டு, சத்தம் போகவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. முன் டயரைப் பின்னால் மாற்றினால் சத்தமும் பின்னால் போகும். அதுதான் தீர்ப்பு.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வழித்தெடுத்தது போல இருந்தால் அது பிரேக் பூட்டி இழுத்த தடம். அதற்கு ஆய்வு தேவையில்லை.

2.3 சாட்சி திசைதிருப்பும் இடங்கள்

இரண்டு முன்டயர்களிலும் வெளி ஓரம் தேய்ந்திருக்கிறது. கேம்பரா, டோவா என்று தேடும் முன் வண்டி எங்கே ஓடுகிறது என்று கேட்க வேண்டும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தினம் ஏறி இறங்கும் டாக்சிக்கு முன்டயரின் வெளித்தோள் தேய்வது தொழில் வருத்தம், பழுதல்ல. அந்த வண்டிக்குத் 'திருத்தம்' செய்தால் சமவெளியில் உள் ஓரத்தை இழக்க வேண்டியதுதான்.

நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிபவை. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் வண்டி மெல்ல இடப்பக்கம் நகரப் பார்க்கும். எதிரே பேருந்து வந்தால் தார் ஓரத்திலிருந்து மண்ணில் இறங்குவதும் இடச் சக்கரமே, மறுபடி விளிம்பில் முட்டி ஏறுவதும் அதுவே. நான் பார்த்த பழைய வண்டிகளில் இடப்பக்க மூட்டுகளே பெரும்பாலும் முதலில் தளர்ந்திருந்தன. ஆகவே இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தேய்ந்தால் அமைப்பு முழுவதற்குமான காரணத்தையும், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அந்தப் பக்கத்து உறுப்பையும் முதலில் ஐயுறுவது பயன் தரும்.

டயரின் வகையும் குழப்பும். அம்பாசடர் பிறந்தது கிராஸ்பிளை டயர் காலத்தில். அதன் அளவு 5.90-15. பழைய கையேட்டில் அச்சான டோ அளவு அந்த டயருக்கானது. கிராஸ்பிளை டயருக்கு உருளும் தடை அதிகம். சக்கரங்கள் ஓட்டத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டு முன்பக்கம் விரியும். அதை ஈடுகட்டக் கூடுதல் டோ-இன் வைத்தார்கள். ரேடியல் மாட்டிய பிறகும் அதே அளவை வைத்தால் வெளி ஓரத்தில் ரம்பம் முளைக்கும். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் கிராஸ்பிளை என்று மாட்டியிருந்தால் நோய்நாடலை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

3. நான்கு குடும்பங்கள்

எந்தச் சோதனை எந்த வண்டிக்கு என்பது முன்பக்க அமைப்பைப் பொறுத்தது.

அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் நீளவாக்கில் கிடக்கும் டார்ஷன் பார் என்ற எஃகுத் தண்டு முறுக்கேறிப் பாரத்தைத் தாங்குகிறது. ஸ்டீயரிங் ரேக் அண்டு பினியன். இந்த டார்ஷன் பார் குடும்பத்தை மோரிஸில் வளர்த்தவர் அலெக் இஸிகோனிஸ். 1948இல் வந்த மோரிஸ் மைனர்தான் மூத்த பிள்ளை. 1950களில் அது 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் இந்தியாவிலும் ஓடியது.

மைனரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதில் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விவல் பின்னின் இரு முனையிலும் மரை வெட்டியிருக்கும். அந்த மரை டிரன்னியன் என்ற கூட்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மரை சுழலும். ஒரு பக்கத்து மரை வலம், மறுபக்கத்து மரை இடம். முன்பக்கப் பாரம் அடி டிரன்னியனின் மரையில் இறங்குகிறது. கிரீஸ் வற்றினால் மரை தேய்ந்து மெலிந்து, ஒரு நாள் பின் கூட்டைவிட்டுக் கழன்று, சக்கரம் மட்கார்டுக்குக் கீழே மடிந்துவிடும். நிறுத்துவதற்காக ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது இது நேர்வதுண்டு. வேகத்தில் நேராமல் அப்படி நேர்வது ஓட்டுநரின் அதிர்ஷ்டம். தேய்ந்த மரை மடிவதற்கு முன் டயரில் எழுதும் எச்சரிக்கை மிகச் சிறியது. டயர் சாட்சியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி அடிக்க வேண்டும். பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் முகத்துக்குள் கிரீஸ் நுழையாது. தரையில் நிற்கவைத்து நிப்பிளில் நாலு அழுத்து அழுத்தினால் எளிய வழியில் பிதுங்கி வெளியே வரும். பார்ப்பவருக்கு வேலை நடந்ததுபோல இருக்கும்.

பத்மினி, ஃபியட் 1100இன் வழித்தோன்றல். மேலும் கீழும் விஷ்போன் ஆர்ம்கள், சுருள் ஸ்பிரிங், சக்கரம் திரும்பும் அச்சாக கிங் பின். கிங் பின் புஷ் தேய்ந்தால் சக்கரம் மேலும் கீழுமாகச் சாய்ந்தாடும். கேம்பர் ஒவ்வொரு பள்ளத்திலும் மாறும்.

ஜீப்பில் ஒற்றை முன் ஆக்சில், பட்டை ஸ்பிரிங்குகள் மீது உட்கார்ந்திருக்கும். கேம்பர் அநேகமாக மாறாது, வளைந்தால்தான் மாறும். அங்கே பட்டையின் சென்டர் போல்ட்டும் யு போல்ட்டுமே முதல் குற்றவாளிகள். சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் பின்னால் நகர்ந்துவிடும். கிங் பின் பேரிங் தளர்ந்த ஜீப், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்குவது போல உதறும். இதற்கு ஸ்டீயரிங் டம்ப்பர் ஒன்றை மாட்டி அனுப்புவது பரவலான வழக்கம். உதறல் நிற்கும், காரணம் உள்ளேயே இருக்கும்.

மாருதி 800இல் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட். மேல் ஆர்மே கிடையாது. ஷாக் அப்சார்பரே தூண். அடியில் ஒரு லோயர் ஆர்ம். அந்த ஆர்ம் முன்பின்னாக ஓடாமல் பிடித்துவைப்பது ஸ்டெபிலைசர் பார். ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை கொடுத்து எடையும் செலவும் குறைத்த கெட்டிக்காரத்தனம். விலை பின்னால்தான் தெரியும்: ஸ்டெபிலைசர் புஷ் நைந்தால் வெறும் சத்தத்தோடு போகாது, சக்கரத்தின் இருப்பிடமே நழுவும்.

4. ஆட்டம்

4.1 ஜாக்கி எங்கே நிற்கிறது?

ஆட்டம் பார்ப்பதில் நடக்கும் தவறுகளில் பாதி, ஜாக்கி வைக்கும் இடத்தில் நடக்கிறது. பாரத்தைத் தாங்கும் மூட்டு அழுத்தத்தில் இருக்கும்வரை தேய்ந்த மூட்டும் கெட்டியாகத்தான் தெரியும். அந்த மூட்டைப் பாரத்திலிருந்து விடுவித்தால்தான் உண்மை வரும்.

ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ கீழ் ஆர்மைத் தள்ளும் அமைப்பில், ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்தை ஒட்டி வைக்க வேண்டும். பாடிக்கு அடியில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்தி மூட்டை இறுக்கிக்கொள்ளும், ஆட்டம் ஒளிந்துவிடும். ஸ்ட்ரட் வண்டியில் இதற்கு நேர்மாறு: பாடிக்கு அடியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். மாருதிக்குப் பழகிய கை அம்பாசடரைத் தூக்கும்போதும், அம்பாசடருக்குப் பழகிய கை மாருதியைத் தூக்கும்போதும் 'எல்லாம் டைட்டா இருக்கு சார்' என்ற பதில் வருவதற்குக் காரணம் இதுதான். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே நுழையக் கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

4.2 பன்னிரண்டும் ஆறும், ஒன்பதும் மூன்றும்

டயரைக் கடிகார முகமாகக் கொண்டு 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டினால் தெரிவது ஹப் பேரிங், கிங் பின், பால் ஜாயின்ட் ஆகியவற்றின் தளர்ச்சி. இவற்றைப் பிரிக்க ஒரு தந்திரம் உண்டு. இன்னொருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் அது ஹப் பேரிங்கில் இருந்தது; பிரேக் சக்கரத்தை அதைத் தாங்கும் நக்கிளோடு பூட்டிவிட்டதால் மறைந்தது. பிரேக் மிதித்த பிறகும் ஆடினால் குற்றம் கிங் பின்னிலோ பால் ஜாயின்டிலோ. 9, 3 இடங்களில் ஆட்டினால் மட்டும் தளர்ந்து தெரிந்தால் டை ராட் எண்ட், ரேக் எண்ட் பக்கம் போக வேண்டும்.

டை ராட் மூட்டுகளுக்கு நான் நம்பும் சோதனை வண்டி தரையில் நிற்கும்போது செய்வது. ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல்களை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல மூட்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக நகரும். தேய்ந்த மூட்டில் ஒரு பக்கம் நகர்ந்த பிறகே மறுபக்கம் நகரும். அந்தச் சிறு தயக்கம் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது.

4.3 ரப்பர்

உலோக மூட்டு தேய்ந்தால் சத்தம் போட்டுச் சொல்லும். ரப்பர் புஷ் மௌனமாகச் சாகும். எண்ணெய் பட்டு ஊதிய புஷ், வெயிலில் வெடித்த புஷ், உள்குழாயிலிருந்து ரப்பர் பிரிந்த புஷ் எல்லாம் வெளிப்பார்வைக்கு முழுசாகவே இருக்கலாம். லீவரைக் கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். நெம்பினால் ரப்பர் கொஞ்சம் நெகிழ்வது அதன் இயல்பு. ஆர்ம் 'டக்' என்று நகர்ந்து நின்றால் அது நெகிழ்வு அல்ல. இந்த வேற்றுமையை எழுத்தில் சொல்லித் தர முடியாது. ஒரு புதிய வண்டியை ஒருமுறை நெம்பிப் பார்த்த கைக்குத் தானாக வரும்.

ஷாக் அப்சார்பருக்கு மட்கார்டை அழுத்தி எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணும் வழக்கம் உண்டு. முற்றிலும் செத்த ஷாக்கை அது காட்டும். பாதி செத்ததைக் காட்டாது. எண்ணெய்க் கசிவும் டயரின் கிண்ணத் தேய்வும் அதைவிட நம்பத்தக்கவை.

4.4 இரட்டை அளவு

ஆட்டம் எவ்வளவு என்பதை எண்ணாகப் பெற ஒரு வழி இருக்கிறது. முன் சக்கரங்களின் டோவை அளக்கும்போது ஒருமுறைக்கு இருமுறை அளக்க வேண்டும். முதல் முறை, இரண்டு டயர்களின் முன்பக்கத்தையும் பலம்கொண்ட மட்டும் வெளியே தள்ளி ஒரு கட்டை கொடுத்து நிறுத்தி அளப்பது. இரண்டாம் முறை, உள்ளே இழுத்துக் கட்டி அளப்பது. இரண்டு அளவுக்கும் உள்ள வேறுபாடே முன்பக்கத்தின் மொத்தத் தளர்ச்சி. கையேடு 2 மி.மீ. டோ-இன் கேட்கிறது, வண்டியோ கைத் தள்ளுதலுக்கே 5 மி.மீ. நகர்கிறது என்றால், மேடையில் வந்த பச்சை எண் அந்த 5 மி.மீ.க்குள் எங்கோ ஓரிடத்தில் தற்செயலாக விழுந்த எண் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்த வேறுபாடு கேட்கும் டோ அளவைவிடச் சிறிதாகும்வரை டை ராட் நட்டைத் தொடக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் விதி. கையேடுகளில் உள்ளதல்ல, அனுபவத்தில் வந்தது.

5. கோணங்கள்

5.1 நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம்

எந்திரம் இல்லாத ஊரிலும் கோணம் பார்க்கலாம். தரை மட்டமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கொத்தனாரின் தண்ணீர் டியூப் போதும். பிறகு டயரின் நடுவில் சாக்பீஸ் தடவி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஆணி முனையால் ஒரு மெல்லிய கோடு இழுக்க வேண்டும். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்து, ஹப் உயரத்தில் பின்பக்கம் இரண்டு கோடுகளுக்கும் இடையே அளக்க வேண்டும். சக்கரம் அரைச் சுற்று சுற்றும் அளவுக்கு வண்டியை முன்னே தள்ளி, அதே புள்ளிகள் முன்னால் வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். அரைச் சுற்று தள்ளுவது சோம்பேறிகள் விட்டுவிடும் படி. ரிம் கோணலாக இருந்தால் அந்தப் பிழை முழுவதும் டோ கணக்கில் ஏறிவிடும்.

கேம்பருக்குத் தூக்குக்குண்டு. மேல் ரிம் விளிம்புக்கும் கீழ் ரிம் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூர வேறுபாட்டை அளந்தால், 15 அங்குல ரிம்மில் சுமார் 7 மி.மீ. ஒரு பாகையாகும், 12 அங்குல ரிம்மில் 5 முதல் 6 மி.மீ.

5.2 டோ ஏன் கொடியது

15 அங்குலச் சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே தூரம் சுமார் 400 மி.மீ. மொத்த டோ தேவையைவிட 4 மி.மீ. கூடினால் ஒரு சக்கரத்துக்கு 2 மி.மீ. அதாவது இருநூறில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்த டயர் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. 10,000 கி.மீ. ஓடினால் 50 கி.மீ. டயர் நெகிழ்ந்து இதில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்ளும். எஞ்சியது ரப்பர் தூளாகத் தாரில் கிடக்கும். கேம்பர் பிழையில் சக்கரம் கூம்பு போல உருளத்தான் பார்க்கிறது, இந்த அளவுக்கு உரசுவதில்லை. அதனால்தான் ஒரு பாகை கேம்பர் பிழையைச் சகித்துக்கொள்ளும் டயர், அரைப் பாகை டோ பிழையில் சில ஆயிரம் கிலோமீட்டரில் அழிகிறது.

காஸ்டர் நேரடியாக டயரைத் தின்பதில்லை. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போன்ற சாய்வு அது; சக்கரத்தை நேராக நிறுத்துகிறது. இரு பக்கமும் வேறுபட்டால் வண்டி காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். 'வண்டி இழுக்குது' என்று வருபவரிடம் முதலில் இரண்டு முன்டயர்களையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டச் சொல்ல வேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரின் உள்கட்டமைப்பில். மாறாவிட்டால் பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால்தான் காஸ்டர்.

வளைவில் மட்டும் டயர் கிறீச்சிட்டால் வேறோர் இடம் பார்க்க வேண்டும். திரும்பும்போது உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் ஒடிய வேண்டும். 1818இல் ருடால்ஃப் ஆக்கர்மன் லண்டனில் காப்புரிமை பெற்ற, உண்மையில் மியூனிக்கின் லாங்கன்ஷ்பெர்கர் வடிவமைத்த இந்தக் குதிரைவண்டி ஏற்பாடு இன்றும் ஸ்டீயரிங் ஆர்மின் சாய்வில் இருக்கிறது. அடிபட்டு அந்த ஆர்ம் வளைந்தால் நேர் ஓட்டத்தில் டோ சரியாகவே இருக்கும், திருப்பத்தில் மட்டும் கெடும்.

5.3 வளைந்தது உறுப்பா, இருப்பிடமா?

கேம்பர் தவறாக இருக்கும் ஸ்ட்ரட் வண்டியில் எதை மாற்றுவது? இங்கே ஸ்டீயரிங் அச்சின் உட்சாய்வு என்ற இன்னொரு கோணம் உதவுகிறது. அதையும் கேம்பரையும் கூட்டினால் வரும் கோணம் நக்கிளும் ஸ்ட்ரட்டும் சேர்ந்த வடிவத்தைப் பொறுத்தது. வண்டியில் எங்கே மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. விளக்கத்துக்கு எண்களை வைத்துக்கொள்வோம். நல்ல பக்கத்தில் உட்சாய்வு 12 பாகை, கேம்பர் 0.5, கூட்டினால் 12.5. கெட்ட பக்கத்தில் உட்சாய்வு 13.5, கேம்பர் கழித்தல் 1, அங்கும் 12.5. அப்படியானால் உறுப்பு வளையவில்லை. ஸ்ட்ரட்டின் மேல் தாங்கியோ கிராஸ் மெம்பரோ நகர்ந்திருக்கிறது. டிங்கரிங் வேலை. உட்சாய்வு 12ஆகவே இருந்து கேம்பர் மட்டும் கழித்தல் 1 என்றால் கூட்டு 11; ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்துவிட்டது. மேடையின் காகிதத்தில் இந்த எண்கள் பெரும்பாலும் அச்சாகியே இருக்கின்றன. படிப்பவர்தான் இல்லை.

டார்ஷன் பார் வண்டிகளில் உயரமும் கோணமே. பல ஆண்டுப் பாரத்தில் தண்டு தளர்ந்து முன்பக்கம் இறங்கினால் ஆர்ம்களின் சாய்வு மாறி, கேம்பரும் டோவும் சேர்ந்து மாறும். உயரத்தை இரு பக்கமும் அளந்து சரிசெய்த பிறகே கோணம் பார்க்க வேண்டும். இடத் தண்டையும் வலத் தண்டையும் மாற்றி மாட்டக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு திசை முறுக்குக்குப் பழக்கப்பட்டது.

6. ஒரு மாருதி

என்னிடம் 1996 மாடல் 800 ஒன்று இருந்தது. இட முன்டயரின் உள் ஓரம் தேய்ந்துகொண்டே வந்தது. ஒரே ஆண்டில் மூன்று முறை மேடையேற்றினேன். மூன்று காகிதமும் பச்சை. கடைசியில் தெருமுனையில் சிறு பட்டறை வைத்திருந்த முதியவரிடம் போனேன். அவர் டயரைத் தடவிப் பார்த்தார். காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

"தம்பி, வண்டிய மெதுவா உருட்டி நான் சொல்றப்ப பிரேக் போடு" என்றார். இடப்பக்கம் குந்தி உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள சந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் போட்ட கணத்தில் சக்கரம் ஒரு விரல்கடை பின்னால் போய் வந்தது. பிறகு அவர் ஓட்ட, என்னை உட்காரவைத்துக் காட்டினார், நானும் பார்த்தேன். ஸ்டெபிலைசர் புஷ் மாவாகியிருந்தது, லோயர் ஆர்மின் உள்முனைப் புஷ்ஷும் பிரிந்திருந்தது. மேடையில் வண்டி பிரேக் பிடித்துக்கொண்டா நிற்கிறது? அங்கே சக்கரம் ஒழுங்காகத் தன் இடத்தில் இருந்தது. ஊருக்குள் ஒரு நாளைக்கு நூறு முறை பிரேக் பிடிக்கும் வண்டியில் அது நூறு முறை இடம் பெயர்ந்தது.

ஷாக், டை ராட் எண்ட் எதையும் அவர் மாற்றவில்லை. புஷ்கள் மட்டும். அதன் பிறகுதான் நாலாவது முறையாக மேடைக்கு அனுப்பினார்.

7. பழுதின் வரிசை

காற்று, பாரம், உயரம், ஹப் பேரிங், சுழலும் மூட்டு, ரப்பர், ஷாக், கடைசியில் கோணம். டோவை எல்லாவற்றுக்கும் பின்பே திருத்த வேண்டும். கேம்பரிலோ காஸ்டரிலோ கை வைத்தால் டோ மாறும். டோவைத் திருத்தினால் அவை மாறா.

புஷ் மாற்றும்போது ஒன்று கவனிக்கப்படுவதே இல்லை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்டை முழுவதும் முறுக்கிவிடுகிறார்கள். அப்போது ரப்பர் அந்தத் தொங்கிய நிலையில் பூட்டிக்கொள்கிறது. வண்டி இறங்கியதும் முறுக்கேறி நிற்கிறது. ஓடாமல் நிற்கும்போதும் அது விடுபடுவதில்லை, சில மாதங்களில் கிழிகிறது. 'டூப்ளிகேட் சாமான் சார்' என்று பழி கடைக்காரர் மேல் விழும். போல்ட்டைத் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு ஆள் ஏறிக் குதித்து உட்காரவைத்த பிறகே இறுதி முறுக்கு.

பழுது நீங்கிய பிறகும் பழைய தேய்வுள்ள டயர் சில காலம் இழுக்கும், சத்தமிடும். அதைக் கண்டு வேலை சரியில்லை என்று மறுபடி பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு முன்டயரிலும் உள், நடு, வெளி என மூன்று வரிப் பள்ளங்களின் ஆழத்தை அளந்து, ஓடோமீட்டர் எண்ணோடு எழுதிவைக்க வேண்டும். ஆழம் பார்க்கும் கருவி இல்லாவிட்டால் பள்ளத்துக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் நிற்கும் தேய்வுக் காட்டியோடு ஒப்பிட்டாவது குறிக்கலாம். 1,000 கி.மீ.க்கு ஒருமுறை மறுபடி அளந்து, மூன்று பள்ளமும் ஒரே வேகத்தில் குறைகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது அளவீட்டில் உள் ஓரம் மட்டும் முந்தினால், மேடைக்குப் போகாமல் ஜாக்கியை எடுக்க வேண்டும்.